மகனின் இசைக்குழுவுக்கு கார் ஷெட்டைக் கொடுத்த பெற்றோர்கள் இருக்கிறீர்களா?

பெசன்ட்நகர் அம்மா எழுதியது:

பிள்ளைகள் பதின்ம வயதில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு வீட்டிலேயே ஒரு ராக் இசைக்குழு தொடங்கியதை அருகிலிருந்து பார்த்த பெற்றோர்கள் தங்கள் நினைவுகளை இங்கே எழுத வேண்டும் என்பதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். பாட்டு வகுப்புக்கும் வீணை வகுப்புக்கும் பிள்ளைகளை அழைத்துச் சென்றவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். வீட்டுக் கார் ஷெட்டில் மின்கிட்டாரும் டிரம் செட்டும் வைத்து வாசித்த பிள்ளைகளைப் பற்றி, அவர்களைப் பெற்றவர்கள் எழுதி நான் அதிகம் படித்ததில்லை.

என் மகன் 2006-இல் பிளஸ் ஒன் சேர்ந்தபோது எங்கள் கார் ஷெட் காலியாக இருந்தது. மாமனார் காலத்து அம்பாசடரை விற்றுவிட்டோம். பழைய செய்தித்தாள்களும் ஒரு சைக்கிளும் மட்டும் கிடந்தன. அவன் கையில் அப்போதே கல்கத்தாவில் செய்த கிவ்ஸன் கிட்டார் ஒன்று இருந்தது. கூடவே மூன்று பையன்கள் வந்தார்கள்: ஒருவன் பேஸ் கிட்டார், ஒருவன் டிரம்ஸ், ஒருவன் பாட்டும் கீபோர்டும். டிரம் செட் அந்தப் பையனின் சித்தப்பா மெல்லிசைக் குழுவில் வாசித்தபோது வாங்கியது. வேனில் வந்து இறங்கிய அன்றே தெருவில் பாதிப் பேர் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

ஷெட்டின் தரை வழுக்கும் சிமென்ட் தரை. பேஸ் டிரம் என்ற பெரிய டிரம்மின் பெடலை மிதிக்க மிதிக்க அது ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் என்று முன்னால் நகர்ந்துகொண்டே போகும். ஒரு பாட்டு முடிவதற்குள் வாசிப்பவன் ஸ்டூலோடு பின்தொடர வேண்டியிருக்கும். முதலில் அடியில் கோணிப்பை விரித்தார்கள், பிறகு அதன் முன்னால் இரண்டு செங்கல்லை வைத்துத் தடுத்தார்கள். பேஸ் கிட்டாரில் சில குறிப்பிட்ட சுரங்களை வாசிக்கும்போதெல்லாம், யாரும் தொடாத ஸ்னேர் டிரம்மின் அடிக்கம்பிகள் தாமாகவே அதிரும். அது எந்தச் சுரத்துக்கு அதிரும், எதற்கு அதிராது என்று கண்டுபிடிப்பதிலேயே ஒரு மாலை முழுவதும் போனது எனக்கு நினைவிருக்கிறது.

ஷெட்டுக்கும் எங்கள் சமையலறைக்கும் நடுவில் ஒரே சுவர். ஆகையால் அவர்கள் வாசித்ததை எல்லாம் நான் கேட்டேன் என்றே சொல்லலாம். நான் சிறு வயதில் பாட்டு கற்றவள் என்பதால் ஒன்று உடனே புரிந்தது: அந்த டிரம்ஸ் பையனுக்குக் காலப்பிரமாணம் ஓடியது. பாட்டு மெதுவாகத் தொடங்கும். அவன் ஒவ்வொரு முறை உருட்டி அடித்து முடிக்கும்போதும் ஒரு பிடி வேகம் கூடிவிடும். கடைசிச் சரணத்தில் மற்ற மூவரும் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். உள்ளே போய்ச் சொல்லிவிடலாம் என்று பலமுறை தோன்றியது. போகவில்லை. தீபாவளி விடுமுறையில் ஒரு நாள் செல்போனில் தங்கள் வாசிப்பைப் பதிவு செய்து போட்டுக் கேட்டார்கள். சிறிது நேரம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு அந்தப் பையனே, "நான் ஓடறேன்டா" என்று சொன்னது சுவர் வழியாக எனக்குக் கேட்டது. நான் போய்ச் சொல்லியிருந்தால் அவன் அதைத் திருத்திக்கொண்டிருப்பான். ஆனால் தன் காதால் கண்டுபிடித்திருக்க மாட்டான். இடத்தைக் கொடுத்துவிட்டுக் கதவுக்கு வெளியே இருப்பதுதான் பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி என்பது அந்த இரண்டு ஆண்டுகளில் எனக்கு உறுதியானது. உங்கள் வீட்டில் எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் எழுதியது:

அம்மா, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நான் சுவரின் மறுபக்கத்தில் இருந்தவன் என்ற முறையில் சில வார்த்தைகள். எங்கள் தெருவிலும் இப்படி ஒரு குழு இருந்தது. அந்த ஆண்டு என் தாயார் படுக்கையில் இருந்தார். மாலையில் அவர் சற்றுக் கண்ணயரும் நேரம் பார்த்து டிரம்ஸ் தொடங்கும். இந்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 55 டெசிபல், அதன் பிறகு 45 டெசிபல் என்பதுதான் வரம்பு. ஒரு டிரம் செட் அருகில் நின்றால் 100 டெசிபலைத் தாண்டும். பிள்ளைகளின் மகிழ்ச்சியை நான் மறுக்கவில்லை. ஆனால் ஷெட்டைக் கொடுக்கும் பெற்றோர், தங்களுக்குச் சொந்தமில்லாத ஒன்றையும், அதாவது அக்கம்பக்கத்தாரின் அமைதியையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். அந்தப் பெற்றோர் ஒரு முறையாவது எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, "தொந்தரவாக இருக்கிறதா?" என்று கேட்டிருந்தால் என் மனநிலை வேறாக இருந்திருக்கும்.

பெசன்ட்நகர் அம்மா எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். எங்கள் வீட்டில் இதை முதலிலேயே பேசி முடித்தோம். நானும் என் கணவரும் போகவில்லை. நான்கு பையன்களையும் வீடு வீடாக அனுப்பினோம். சனி, ஞாயிறு மாலை நான்கு மணி முதல் ஆறரை வரை என்று அவர்களே கேட்டு வாங்கி வந்தார்கள். எதிர்வீட்டுப் பாட்டி ஆறு மணிக்கு விளக்கேற்றும்போது நிறுத்த வேண்டும் என்றார். நேரம் ஆறாகக் குறைந்தது. தெருவில் ஒரு சாவு விழுந்தபோது பதின்மூன்று நாளும் ஷட்டரைத் திறக்கவில்லை. அதை நாங்கள் சொல்லவே தேவைப்படவில்லை. டிரம்ஸ் பையன் அந்த நாட்களில் ஒரு தலையணையை மடியில் வைத்துக்கொண்டு அடித்துப் பழகினான்.

நோயாளி இருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் இது நடந்திருந்தால், எங்கள் வீட்டிலும் ஷெட் பூட்டியே இருந்திருக்கும். உங்கள் தாயார் பட்ட சிரமத்தை நினைத்து வருந்துகிறேன்.

ஒலிக்கூடம் எழுதியது:

ஒலிப்பதிவுக் கூடங்கள் கட்டுவது என் தொழில். இந்த இழையைப் படிக்கும் இளம் பெற்றோர்களுக்குப் பயன்படும் என்பதால் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று பலரும் நம்புகிறார்கள். முட்டை அட்டை செய்வதெல்லாம் உள்ளே எதிரொலிக்கும் மேல்சுர ஒலியைக் கொஞ்சம் குறைப்பதுதான். வெளியே போகும் ஒலியை அது தடுக்காது. ஒலியைத் தடுப்பது எடை. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் தனியாக நின்றால் ஏறத்தாழ 50 டெசிபலைக் குறைத்துவிடும். ஆனால் கார் ஷெட்டின் முன்பக்கம் மெல்லிய தகரத்தாலான ரோலிங் ஷட்டர். அதன் அடியிலும் பக்கத்திலும் இடைவெளி. எல்லாச் சத்தமும் அந்த வழியாகவே போய்விடும், போதாததற்கு ஷட்டரே சேர்ந்து அதிரும். கனமான பழைய மெத்தைகளை ஷட்டருக்கு உட்புறம் நிறுத்தி, அடிப்பக்கம் மணல்மூட்டை போட்டு இடைவெளியை அடைப்பதே குறைந்த செலவில் பலன் தரும் வழி. பேஸ் ஒலியை அதுவும் முழுதாகத் தடுக்காது.

இதைவிட முக்கியம் பிள்ளைகளின் காது. வேலையிடங்களுக்காக அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபலில் எட்டு மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. 94 டெசிபலில் ஒரு மணி நேரம், 100 டெசிபலில் கால் மணி நேரம். மூடிய ஷெட்டுக்குள் டிரம்ஸும் இரண்டு ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்தால் இந்தக் கணக்கு எவ்வளவு விரைவில் தீரும் என்று பாருங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை காதடைப்பான் போதும். அதைச் சரியாகச் சுருட்டி உள்ளே செருகக் கற்றுக்கொடுங்கள். பழகி முடித்த பிறகு காதில் ஒரு ரீங்காரம் கேட்கிறது என்று பிள்ளை சொன்னால், அன்று அளவு மீறிவிட்டது என்று பொருள்.

இன்னொன்று மின்சாரம். பழைய வீடுகளின் ஷெட்டில் பெரும்பாலும் விளக்குக்காகப் போட்ட ஒரே பிளக் பாயின்ட்தான் இருக்கும். பல இடங்களில் எர்த் இணைப்பே இருக்காது. கிட்டார்க் கம்பியில் கை வைத்துக்கொண்டே மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிக்கும். ஆம்ப் ஓயாமல் இரைந்து, கம்பியைத் தொட்டால் இரைச்சலின் அளவு மாறினால், எர்த் இணைப்பைச் சோதித்துவிட வேண்டும். எலக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சரிசெய்த பிறகுதான் பிள்ளைகளை உள்ளே விட வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் பெற்றோர் கதவுக்கு வெளியே நிற்கக் கூடாது.

கணக்காசிரியர் எழுதியது:

நான் என் மகனின் குழுவை நிறுத்தியவன். இங்கே எல்லோரும் நினைவுகளைக் கனிவோடு எழுதும்போது இதைச் சொல்வது பொருத்தமாக இருக்குமா என்று யோசித்தேன். ஆனாலும் இதுவும் ஒரு பெற்றோரின் நினைவுதான்.

காலத்தைக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்கான நுழைவுத்தேர்வு 2007-இல் நீக்கப்பட்டது. அதன் பிறகு அந்த ஆண்டுகளில் சேர்க்கை முழுவதும் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் நடந்தது. பொறியியலுக்குக் கணக்கில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப். அரை மதிப்பெண் குறைந்தால் தரவரிசையில் நூற்றுக்கணக்கான இடங்கள் பின்னுக்குப் போவதை ஆண்டுதோறும் என் மாணவர்களிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிலையில் என் மகன் வாரத்தில் நான்கு மாலைகளைக் கிட்டாரோடு கழிப்பதை நான் அனுமதிக்கவில்லை. ஜூன் மாதமே கிட்டாரை உறையில் போட்டுப் பரணில் வைத்தேன். அவன் நன்றாகப் படித்தான், நல்ல கல்லூரியில் சேர்ந்தான், இன்று நல்ல நிலையில் இருக்கிறான். கல்லூரியில் மறுபடியும் வாசிக்கத் தொடங்கினான், நான் தடுக்கவில்லை. அந்த ஓராண்டை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இரண்டாவது வாய்ப்பு என்று ஒன்று இருக்கவில்லை.

பெசன்ட்நகர் அம்மா எழுதியது:

ஐயா, எழுதியதற்கு நன்றி. உங்கள் சூழலை நீங்கள்தான் அறிவீர்கள். எங்கள் வீட்டில் அந்த ஆண்டு எப்படிப் போனது என்பதை மட்டும் சொல்கிறேன்.

2007 மார்ச் 17 அன்று அயர்ன் மெய்டன் குழுவினர் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்தார்கள். அவ்வளவு பெரிய ஹெவி மெட்டல் குழு இந்தியாவுக்கு வருவதே அப்போது புதிது. பிளஸ் ஒன் ஆண்டுத் தேர்வுக் காலம். நான்கு பையன்களும் போக வேண்டும் என்றார்கள். இரண்டு வீடுகளில் ஒப்புக்கொள்ளவில்லை. என் கணவர் ஒரு யோசனை சொன்னார்: அவர்கள் தேர்வு அட்டவணையையும் தாங்கள் படித்து முடித்ததையும் எழுதி, நான்கு வீட்டுப் பெற்றோரிடமும் தாங்களே பேசட்டும். பேசினார்கள். என் கணவர் ரயிலில் அவர்களோடு போய், மைதானத்துக்கு வெளியே ஓர் உணவகத்தில் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்த பையன்களுக்கு இரண்டு நாள் குரலே இல்லை. அதற்கு அடுத்த வாரம் இயற்பியல் தேர்வு எழுதினார்கள்.

பிளஸ் டூவில் வாரத்துக்கு ஒரு மாலை என்று அவர்களே குறைத்துக்கொண்டார்கள். டிசம்பருக்குப் பிறகு அதுவும் நின்றது. ஒருவன் நன்றாகத் தேறினான், இருவர் நடுத்தரம், ஒருவனுக்கு எதிர்பார்த்த மதிப்பெண் வரவில்லை. வராதவன் என் மகன்தான். குழுவில் இல்லாதிருந்தால் கூடுதலாக வந்திருக்குமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த மாலைகளை அவனிடமிருந்து எடுத்திருந்தால், அவனுக்குக் கிடைத்திருக்கக்கூடிய கூடுதல் மதிப்பெண் என் கண்ணில் அவ்வளவு பெரிதாகப் பட்டிருக்காது. இதை உங்களுக்கு மறுப்பாகச் சொல்லவில்லை. என் மனம் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்கிறேன்.

பழைய டிரம்மர் எழுதியது:

நான் பெற்றோர் இல்லை. பெற்றோர் வீட்டு மாடியறையில் வாசித்த பிள்ளை. அதே காலம்தான், இடம் மட்டும் வேறு. பிள்ளைகள் தரப்பிலிருந்தும் ஒன்று பதிவாகட்டும்.

எங்கள் குழுவில் பாடகனின் தாயார் மிக அன்பானவர். எங்களுக்குப் போண்டா போட்டுத் தருவார், ஆட்டோவுக்குப் பணம் தருவார். அதோடு எங்கள் குழுவை நிர்வகிக்கவும் தொடங்கினார். உறவினர் வீட்டுத் திருமண வரவேற்பில் நாங்கள் வாசிக்க ஏற்பாடு செய்தார். என்னென்ன திரைப்பாடல் என்று பட்டியலும் அவரே கொடுத்தார். நாங்கள் அப்போது சொந்தமாக இரண்டு பாடல்கள் செய்துகொண்டிருந்தோம். தமிழில் எழுதிய ராக் பாடல்கள், அரைகுறைதான், ஆனால் எங்களுடையவை. அவற்றை வரவேற்பில் வாசிக்க முடியாது என்றார். நியாயமும்கூட; திருமணத்துக்கு வந்தவர்கள் அதைக் கேட்க வரவில்லை. ஆனால் அதன் பிறகு ஒவ்வொரு பயிற்சியும் அடுத்த வரவேற்புக்கான பயிற்சியாக ஆயிற்று. சொந்தப் பாட்டு நின்றது. ஆறு மாதத்தில் அவர் மகன்தான் முதலில் விலகினான். தாயாரிடம் முடியாது என்று சொல்லத் தெரியாமல், எங்களிடம் தொண்டை சரியில்லை என்று சொல்லி விலகினான்.

என் தந்தை மாடியறைக்குள் ஒரு முறைகூட வந்ததில்லை. பிடிக்கவில்லை என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அடையாற்றில் அன்வைண்ட் சென்டர் என்ற இடத்தில் அப்போது ஜூன் ராக் அவுட் என்று ஒரு விழா நடத்துவார்கள். சென்னையில் சொந்தப் பாட்டு செய்யும் குழுக்களை எங்கள் வயதுப் பையன்கள் நேரில் கேட்ட இடம் அது. ஒரு முறை திரும்பி வர வண்டி கிடைக்காமல் தந்தையை அழைத்தேன். ஸ்கூட்டரில் வந்தவர், அப்போது மேடையில் வாசித்துக்கொண்டிருந்த குழுவை வாசலில் நின்றபடி முழுதாகக் கேட்டார். வீட்டுக்கு வரும் வழியில், "நீ அடிக்கும்போது சிம்பலை இதைவிடக் குறைவாக அடிக்கிறாய், அது நல்லது" என்றார். அவ்வளவு நாளும் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்பது அன்றுதான் தெரிந்தது.

இசை வரலாறு எழுதியது:

கதவுக்கு வெளியே நிற்பதா, உள்ளே வந்து நடத்துவதா என்ற பேச்சில் ஒரு தாயை நினைவுகூர்வது பொருத்தமாக இருக்கும். அவருக்குச் சென்னையோடு தொடர்பும் உண்டு.

பீட்டில்ஸ் குழுவின் டிரம்மராக ரிங்கோ ஸ்டாருக்கு முன் இருந்தவர் பீட் பெஸ்ட். அவர் பிறந்தது 1941 நவம்பர் 24 அன்று, நம் மெட்ராஸில். அவர் தாயார் மோனா பெஸ்ட் டெல்லியில் பிறந்தவர். குடும்பம் 1945-இல் கப்பலேறி இங்கிலாந்தின் லிவர்பூல் நகருக்குப் போனது. 1954-இல் டெர்பி குதிரைப் பந்தயத்தில் 33-க்கு 1 என்ற விகிதத்தில் கிடைத்த பணம், வெஸ்ட் டெர்பி பகுதியில் ஒரு பெரிய பழைய வீட்டை வாங்க மோனாவுக்கு உதவியது. பிள்ளைகளும் அவர்களின் நண்பர்களும் கூடுவதற்கு இடம் வேண்டும் என்று அந்த வீட்டின் நிலவறையைக் காலி செய்து, 1959 ஆகஸ்ட் 29 அன்று காஸ்பா காபி கிளப் என்று திறந்தார். திறப்பு நாளில் வாசித்தது ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன் ஆகியோர் இருந்த, பின்னாளில் பீட்டில்ஸ் ஆன குவாரிமென் குழு. திறப்பதற்கு முன் சுவரிலும் கூரையிலும் வண்ணம் அடித்து ஓவியம் தீட்ட அவர்களும் கைகொடுத்தார்கள். அந்த ஓவியங்கள் இன்றும் அங்கே இருக்கின்றன. 2006-இல் அந்த இடம் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பீட் தொடங்கிய பிளாக் ஜாக்ஸ் என்ற குழுவும் அங்கேதான் வாசித்தது.

மோனா இடம் கொடுத்ததோடு நிற்கவில்லை. குழுவுக்கு நிகழ்ச்சிகள் பிடித்துத் தந்தார், மகனுக்காக வாதாடினார். 1962 ஆகஸ்டில் பீட் பீட்டில்ஸ் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். அதற்கான காரணங்களைப் பற்றி இன்றுவரை பலவிதமாகப் பேசுகிறார்கள். தாயின் உறுதியான குரல் மற்றவர்களுக்குச் சங்கடமாக இருந்தது என்பதும் அவற்றில் ஒன்று. நான் அதை ஏற்கவில்லை. அந்த நிலவறை இல்லாவிட்டால் அந்தப் பையன்கள் 1959-இல் எங்கே போய் வாசித்திருப்பார்கள் என்பதே என் கேள்வி.

நம் ஊரிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஏ.ஆர். ரகுமான் திரைக்கு வருவதற்கு முன் ரூட்ஸ், நெமிசிஸ் அவென்யூ ஆகிய குழுக்களில் கீபோர்டு வாசித்தவர். அவர் தந்தை ஆர்.கே. சேகர் 1976-இல் இறந்தபோது ரகுமானுக்கு ஒன்பது வயது. கணவரின் இசைக்கருவிகளை விற்றுவிடாமல் வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் தாயார் கரீமா பேகம் குடும்பத்தைக் காப்பாற்றினார். பின்னாளில் வீட்டின் பின்புறத்தில் பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற ஒலிப்பதிவுக்கூடம் எழுந்தது. கருவிகளை விற்றிருந்தால் அந்த வீட்டில் எதை வைத்து ஒரு பையன் வாசித்துப் பழகியிருப்பான்?

பழைய டிரம்மர் எழுதியது:

மோனா பெஸ்ட் மெட்ராஸில் வாழ்ந்தவர் என்பது எனக்குப் புதிய செய்தி. நீங்கள் சொல்வதைக் கேட்டபின் என் கருத்தைச் சற்றுத் திருத்திச் சொல்கிறேன். பெற்றோர் நிகழ்ச்சி பிடித்துத் தருவதில் தவறில்லை. எந்தப் பாட்டை வாசிப்பது என்பதில் மட்டும் அவர்கள் கை வைக்கக் கூடாது. குவாரிமென் என்ன வாசிக்க வேண்டும் என்று மோனா பட்டியல் கொடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஸ்கார்பரோ அப்பா எழுதியது:

வணக்கம். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து ரொறன்ரோவின் ஸ்கார்பரோ பகுதியில் நெடுங்காலமாக இருக்கிறோம். இங்கே எங்களிடம் உண்மையான கராஜே இருந்தது. மகனும் அவன் கூட்டாளிப் பெடியன்களும் அதில்தான் வாசித்தார்கள். இரண்டு தமிழ்ப் பிள்ளைகள், ஒரு பிலிப்பைன்ஸ் பிள்ளை, ஒரு கயானாப் பிள்ளை.

உங்களுக்கு வெக்கை என்றால் எங்களுக்குக் குளிர். சனவரியில் வெளியே கழித்தல் பதினைந்து பாகை இருக்கும்போது, கராஜுக்குள் சின்ன மின்சார ஹீற்றர் ஒன்றை வைத்துக்கொண்டு, விரல்நுனி வெட்டிய கையுறையோடு கிட்டார் வாசிப்பார்கள். வீட்டுக்குள் சுருதி சேர்த்துக் கொண்டுபோன கிட்டார் குளிரில் ஐந்து நிமிடத்தில் சுருதி மாறிவிடும். ஹீற்றரையும் ஆம்பையும் ஒரே நேரத்தில் போட்டால் பிரேக்கர் விழும். ஆகவே ஒரு பாட்டு, பிறகு ஆம்பை அணைத்துவிட்டு ஹீற்றர், பிறகு மறுபடியும் ஒரு பாட்டு.

நான் இரவு வேலைக்குப் போகிறவன். பின்னேரம் நித்திரை கொள்ள வேண்டிய நேரத்தில் அவர்கள் வாசிப்பார்கள். அவர்களோடு அதிகம் பேசியதில்லை. அவர்கள் பாட்டின் ஆங்கிலமும் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. ஒரு நாள் மகன் வந்து, "அப்பா, நீங்கள் முந்தி ஊரில் கோயில் திருவிழாவில் கேட்ட தவில் அடியை ஒருக்கால் வாயால் சொல்லுங்கோ" என்றான். சொன்னேன். அந்தத் தாளத்தை அவர்கள் டிரம்ஸில் கொண்டுவந்து ஒரு பாட்டு செய்தார்கள். அந்தப் பாட்டை எங்கும் மேடையில் வாசிக்கவில்லை. குழுவும் அடுத்த கோடையில் கலைந்துவிட்டது. ஆனால் நித்திரை கொள்ளும் நேரத்தில் அது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டபோது, நான் எழும்பிப் போய்க் கராஜ் கதவடியில் நின்று கேட்டிருக்கிறேன். உள்ளே போகவில்லை. போனால் நிறுத்திவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

பெசன்ட்நகர் அம்மா எழுதியது:

ஸ்கார்பரோ ஐயா, உங்கள் பதிவை என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். ஆம்பும் ஹீற்றரும் மாறி மாறி இயங்கியதைச் சொன்னதும் எனக்கு எங்கள் மின்வெட்டு நினைவுக்கு வந்தது. அதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் குழுவைப் பற்றி நான் சொல்ல விரும்புவதில் முக்கியமானது அதுதான்.

அவர்களிடம் பாடுபவனுக்கென்று தனி ஒலிபெருக்கி கிடையாது. மைக்கையும் ஒரு கிட்டார் ஆம்பிலேயே செருகியிருந்தார்கள். டிரம்ஸ் சத்தத்தில் கிட்டார் கேட்கவில்லை என்று என் மகன் ஒலியைக் கூட்டுவான், உடனே பேஸ் கூடும், பாடுபவன் கத்துவான், டிரம்ஸ் பையன் இன்னும் பலமாக அடிப்பான். பயிற்சியின் கடைசி அரைமணி நேரத்தில் யார் என்ன வாசிக்கிறார்கள் என்றே பிரித்துக் கேட்க முடியாது. பாட்டின் வரிகள் எதுவும் எனக்கு அதுவரை விளங்கியதில்லை.

ஒரு சனிக்கிழமை பாட்டின் நடுவில் மின்சாரம் போனது. கிட்டாரும் பேஸும் கீபோர்டும் ஒரே நொடியில் நின்றுவிட்டன. டிரம்ஸ் மட்டும் சில அடிகள் தொடர்ந்து, பிறகு தயங்கி நின்றது. வழக்கமாக அப்போது வெளியே வந்து தண்ணீர் குடிப்பார்கள். அன்று யாரும் வரவில்லை. சிறிது நேரம் கழித்துப் பாடுபவன் மைக் இல்லாமல் தொடங்கினான். என் மகன் மின்கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுப் பழைய கிவ்ஸனை எடுத்தான். டிரம்ஸ் பையன் குச்சிகளைப் போட்டுவிட்டு விரல்களால் ஸ்னேரைத் தட்டினான். அதன் கம்பிகளைத் தளர்த்திவிட்டதால் அது கஞ்சிராபோல அடங்கிய ஒலி கொடுத்தது. பேஸ் வாசிப்பவனுக்கு வாசிக்க எதுவும் இல்லை. அவன் கூடச் சேர்ந்து பாடினான். அவனுக்கு அவ்வளவு நல்ல குரல் என்பது அதுவரை குழுவில் யாருக்கும் தெரியாது.

மின்சாரம் திரும்பி வந்த பிறகு அவர்கள் வாசித்த விதமே மாறிவிட்டது. ஆம்புகளின் ஒலியைப் பாதிக்கும் கீழே வைத்தார்கள். சரணத்தில் டிரம்ஸ் அடங்கியது. பேஸ் பையன் இரண்டாவது குரல் பாடினான். சமையலறையில் எனக்கு முதன்முறையாகப் பாட்டின் வரிகள் கேட்டன. ஒருவர் வாசிப்பதற்கு இன்னொருவர் இடம்விட வேண்டும் என்று எந்த ஆசிரியரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நான்கு பேர் ஒரு ஷெட்டுக்குள், யாரும் மேற்பார்வை செய்யாமல், தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொண்ட விஷயம் அது. இன்று என் மகன் அலுவலகக் கூட்டத்தில் மற்றவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்கிறான் என்று மருமகள் சொல்லும்போது, அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

போரூர் அப்பா எழுதியது:

இந்த இழையை இரண்டு நாட்களாகப் படித்து வருகிறேன். என் மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளித் தோழிகள் மூவரோடு குழு தொடங்க வேண்டும் என்கிறாள். அவளுக்கு டிரம்ஸ் வேண்டுமாம். நாங்கள் அடுக்குமாடியில் மூன்றாம் தளம். ஷெட்டும் இல்லை, மாடியறையும் இல்லை. இப்படிப்பட்ட வீட்டில் என்ன செய்யலாம்?

ஒலிக்கூடம் எழுதியது:

மெஷ் துணி பொருத்திய எலக்ட்ரானிக் டிரம் செட் வாங்கலாம். ஹெட்போனில் கேட்டு வாசிக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். காற்றில் போகும் சத்தம்தான் குறையும். பேஸ் பெடலை மிதிக்கும் அதிர்வு தரை வழியாகக் கீழ்வீட்டுக் கூரைக்குப் போகும். இரண்டு தடித்த பிளைவுட் பலகைகளுக்கு நடுவில் டென்னிஸ் பந்துகளை, பாதி புதையும்படி துளைபோட்டு வரிசையாக வைத்து, அதன் மேல் செட்டை நிறுத்துங்கள். உலகெங்கும் அடுக்குமாடி டிரம்மர்கள் செய்வது இது. நால்வரும் சேர்ந்து வாசிப்பதற்கு குழுக்கள் வாசித்துப் பழக மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடும் ஜாம் அறையே சரி. செலவை நான்காகப் பிரித்தால் பெரிய தொகை ஆகாது.

பழைய டிரம்மர் எழுதியது:

செட் வாங்கும் முன் முதல் சில மாதங்களுக்கு ஒரு ரப்பர் பேடும் ஒரு ஜோடிக் குச்சியும் தாள வேகத்தைச் சீராகத் தட்டிக் காட்டும் ஒரு மெட்ரோனோமும் போதும். அண்ணா சாலை மியூசி மியூசிகலில் எல்லாம் கிடைக்கும். அந்தக் கடைக்கு மகளை நேரில் அழைத்துப் போங்கள்; 1842-இலிருந்து இருக்கும் கடை, வாங்காவிட்டாலும் பார்த்துவிட்டு வரலாம். குச்சியை அவளே கையில் பிடித்து எடை பார்த்து எடுக்கட்டும்.

பெசன்ட்நகர் அம்மா எழுதியது:

போரூர் ஐயா, கீழ்வீட்டில் யார் இருக்கிறார்கள், எந்த நேரத்தில் தூங்குவார்கள் என்று முதலில் உங்கள் மகளும் தோழிகளும் போய்க் கேட்டு வரட்டும். ஜாம் அறைக்கு முதல் நாள் கொண்டுபோய் விடுங்கள். இடம் பாதுகாப்பானதா, பெண்பிள்ளைகள் வசதியாக இருக்க முடியுமா, கழிப்பறை சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். காதடைப்பானை நினைவுபடுத்துங்கள். பிறகு பக்கத்தில் எங்காவது காபி சாப்பிட்டுக் காத்திருங்கள்.

போரூர் அப்பா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கீழ்வீட்டில் ஓய்வுபெற்ற தம்பதியர் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குப் போய்ப் பேசுவதாக நான்கு பெண்களும் முடிவு செய்திருக்கிறார்கள். என்ன பேச வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார்கள்; எனக்குக் காட்டவில்லை.